நாச்சிமுத்துவுக்குப் பன்னிரண்டு எழுத்து

செப்டம்பர் 6

அவருக்காக நானே ஒரு மென்பொருள் எழுதப் போகிறேன். ஒரு வாரத்தில் முடிந்துவிடும். தேதி போட்டு எழுதி வைக்கிறேன். பிற்பாடு யாருக்காவது சிரிக்க வேண்டும் என்று தோன்றினால் வசதியாக இருக்கட்டும்.

அவர் என்றால் என் கணவர் நாச்சிமுத்து. முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நோட்டு யாரிடமும் போய்ச் சொல்லாது என்பதால் இங்கே எழுதிக்கொள்கிறேன். மோட்டார் பம்ப் விற்பவர். உடுமலையிலிருந்து சத்தியமங்கலம் வரை அவரைத் தெரியாத தோட்டக்காரர் கிடையாது. கிணறே இல்லாத ஆளுக்கும் பம்ப் விற்றுவிடுவார் என்று சொல்வார்கள். அவ்வளவு பேச்சு. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து, வலது கையும் காலும் தளர்ந்து, பேச்சு போய்விட்டது. நாம் சொல்வது புரிகிறது. அவர் வாயிலிருந்து வருவது ஒரே ஒரு சொல்: "அதான்." பசித்தாலும் அதான். மின்விசிறியை நிறுத்த வேண்டுமென்றாலும் அதான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரத்துக்கு இரண்டு நாள் பெனிட்டா வருகிறாள். நாகர்கோவில் பெண். இருபத்தேழு வயதுதான் இருக்கும். இன்று ஒரு அட்டை கொண்டு வந்தாள். அதில் இருபத்து நான்கு படங்கள். தண்ணீர், சாப்பாடு, கழிவறை, வலி என்று.

"ஆன்ட்டி, சார் இடது கையால தொட்டுக் காட்டட்டும். இப்போதைக்கு இது போதும்" என்றாள்.

சாப்பாட்டுக்கான படத்தைப் பார்த்தேன். தட்டில் மருதமலையைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருந்தது. நான் இருபத்தாறு வருஷம் பஞ்சாலையின் கணினிப் பிரிவில் கோபால் என்கிற பழைய கணினி மொழியில் நிரல் எழுதியவள். என் வீட்டில் அட்டையா? மாவு அரைக்கிற கையோடு முடிவு செய்துவிட்டேன். படத்தைத் தொட்டால் கணினி வாய்விட்டுப் பேச வேண்டும். மேசைக் கணினி இருக்கிறது, தொடுதிரை வாங்கி மாட்டினால் போதும்.

பூனாவிலிருந்து மகன் சசிதரன் போனில் சொன்னான்: "போன்லயே அதுக்கு ஆப் இருக்குதும்மா."

"பாத்தேன் கண்ணு. அதுல தமிழ் நோட்டீஸ் போர்டு மாதிரி இருக்குது. 'நான் தாகமாக உணர்கிறேன்'ங்குது. உங்கப்பா என்னைக்கு உணர்ந்தாரு?"

கோபாலில் படமும் குரலும் ஆகாது. பழைய சக ஊழியர் வரதராஜுலுவைக் கூப்பிட்டேன். "ஸ்கீம்னு ஒரு மொழி இருக்குதுங்க மேடம். மொத்த இலக்கணமும் அம்பது பக்கம்தான். நீங்கள்லாம் ஒரு வாரத்துல ஊதித் தள்ளிருவீங்க" என்றார்.

ஆக, மொழி முடிவாகிவிட்டது. பெரிய வேலை முடிந்தது.

செப்டம்பர் 8

பெரிய வேலை முடியவில்லை. மொழி என்பது வெறும் இலக்கணப் புத்தகமாம். அந்த இலக்கணத்தின்படி நாம் எழுதுவதை நம் கணினியில் ஓடவைக்கிற மென்பொருள் தனியாம். ஆளாளுக்கு ஒன்று செய்து வைத்திருக்கிறார்கள். ஒன்று வேகமாக ஓடும், ஒன்று சின்னதாக இருக்கும், ஒன்றில் படம் வரும், ஒன்றில் சத்தம் வரும். என் கணினிக்கு எது பொருந்தும் என்று நான்தான் பார்த்து எடுக்க வேண்டும்.

"எத்தனைங்க இருக்குது?" என்று கேட்டேன்.

"எண்ணினவங்க யாருமில்லீங்க" என்றார் வரதராஜுலு.

கோடு போட்ட நோட்டில் அட்டவணை போட்டேன். பதினொன்று தேறின. பெயர்கள் வாயில் நுழையவில்லை என்பதால் வரன்கள் என்றே வைத்துக்கொண்டேன். முதல் வரன், இரண்டாவது வரன், இப்படி. குலம், கோத்திரம், தமிழ் வருமா, குரல் வருமா, பழைய கணினியோடு ஒத்துப்போவாரா என்று பத்துக் கட்டங்கள். எனக்கு வரன் பார்த்தபோது எங்கப்பா இரண்டே கேள்விதான் கேட்டார். அதில் ஒன்று, மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் இருக்கிறதா என்பது.

செப்டம்பர் 9

காலை இட்லி, பிறகு கைகால் பயிற்சி, மதியம் இரண்டு வரன்களைக் கணினியில் இறக்கினேன். இன்று எதுவுமே சரியாக இறங்கவில்லை, இட்லி உட்பட.

செப்டம்பர் 13

முதல் வரன் ஓடிவிட்டார். எதிர்பார்க்கவேயில்லை. ஏழே நிமிஷம்.

அவ்வளவு சுலபமாக ஒரு காரியம் நடந்தால் எனக்குச் சந்தேகம் வரும். சோதித்துப் பார்ப்போம் என்று என் கணவர் பெயரைக் கொடுத்து எத்தனை எழுத்து என்று கேட்டேன். நாச்சிமுத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட ஆறு என்று சொல்லும். இது பன்னிரண்டு என்றது. காலைத் தனியாக, சுழியைத் தனியாக, புள்ளியைத் தனியாக எண்ணுகிறது. பெயரைத் திருப்பிப் போடச் சொன்னால், வாயில் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசுவதுபோல் ஏதோ வருகிறது.

"தமிழே தெரியாத ஆளு நமக்கு வேண்டாங்க" என்று அவரிடம் சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அதான்" என்றார். அது "சரி" என்கிற அதானா, "உனக்கு வேறு வேலை இல்லையா" என்கிற அதானா தெரியவில்லை. முதல் வரனை நிராகரித்துவிட்டேன்.

என் வேலையைப் பற்றி அவர் எப்போதும் கேலி பேசுவார். கல்யாண வீடுகளில், "எங்கூட்டுக்காரி நாள் பூராவும் கோபாலோட இருக்கறா, சாயங்காலம் சோறாக்க மட்டும் எங்கிட்ட வர்றா" என்பார். தெரியாதவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அப்போது எரிச்சலாக இருக்கும்.

செப்டம்பர் 18

பெனிட்டா வந்தபோது நான் நான்காவது வரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவர் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு கோப்பு இல்லை என்கிறார். அதைக் கொடுத்தால் இன்னொன்று இல்லை என்கிறார். சம்பந்தி வீட்டார் தோற்றார்கள்.

"ஆன்ட்டி, இங்க கொஞ்சம் வாங்களேன்" என்று பெனிட்டா கூப்பிட்டாள். "சார் என்னமோ சொல்ல வராரு. திரும்பத் திரும்ப அந்தச் சுவரையே காட்டறாரு."

கூடத்துச் சுவரில் கடிகாரம் இருக்கிறது. அதன் கீழே அலமாரி. அவர் இடது கையைத் தூக்கி அந்தப் பக்கம் நீட்டினார். "அதான். அதான்." கண் என்மேல் இருந்தது.

"நியூஸ் கேக்கறாரு. டிவி போடோணும்" என்றேன்.

"மணியக் கேக்கறாரோ?"

"இல்ல. நியூஸ்தான்."

டிவியைப் போட்டேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை. பெனிட்டா என்னைப் பார்த்தாள். நான் நான்காவது வரனிடம் திரும்பிப் போனேன்.

செப்டம்பர் 19

கூடத்துக் கடிகாரத்தைக் கழற்றிப் பரண்மேல் வைத்துவிட்டேன். பேட்டரி தீர்ந்துவிட்டது. தீரப்போவதுபோல் இருந்தது.

செப்டம்பர் 27

ஐந்தாவது வரன் நல்லவர், ஆனால் வாய் பேசமாட்டார். ஒலி வசதியே கிடையாது. வீட்டில் ஏற்கெனவே அப்படி ஒருவர் இருக்கிறார். ஆறாவது வரன் வேகத்தில் சூரர். பத்து லட்சம் எண்களைக் கண்ணிமைக்கும் நேரத்தில் வரிசைப்படுத்துகிறார். நான் வரிசைப்படுத்தப் போவது இருபத்து நான்கு படங்களை. இருந்தாலும் வேகம் என்பது பின்னால் உதவும் என்று அவருக்கு ஒரு நட்சத்திரம் போட்டேன்.

சசி பேசினான். அப்பா எப்படி இருக்கிறார், சாப்பிடுகிறாரா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "அம்மா, அன்னைக்கு நீங்க எத்தனை மணிக்குப் பாத்தீங்க?" என்றான்.

"சொன்னேனே கண்ணு. பத்து மணி. பாத்த உடனே ஆம்புலன்ஸ கூப்பிட்டுட்டேன்."

"ம்" என்றான். பிறகு பூனாவில் மழை என்றான்.

அக்டோபர் 5

கடிகாரம் இல்லாத சுவரையும் காட்டுகிறார். ஆணி மட்டும்தான் இருக்கிறது அங்கே.

எட்டாவது வரனை இறக்கத் தொடங்கியிருக்கிறேன்.

அக்டோபர் 11

இன்று வசமாக மாட்டிக்கொண்டேன்.

பெனிட்டா பயிற்சி முடித்துவிட்டு, கிளம்பாமல் என் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என் அட்டவணை நோட்டை வாங்கிப் புரட்டினாள். இப்போது அதில் பதினேழு கட்டங்கள். சிவப்பு மை, பச்சை மை, நட்சத்திரங்கள்.

"எத்தனை பாத்தாச்சு ஆன்ட்டி?"

"எட்டு."

"இந்த அஞ்சு வாரத்துல சார் புதுசா எத்தனை வார்த்தை சொல்லியிருக்காரு?"

பச்சைப் பேனாவின் மூடியைத் திருகி மூடினேன்.

"முதல் மூணு மாசம் ரொம்ப முக்கியம்னு முதல் நாளே சொன்னேன். அட்டையையும் பீரோ மேல வச்சிட்டீங்க." குரலை உயர்த்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "இதுல ஏதாவது ஒண்ணாவது ஓடுச்சா?"

"முதல்ல பாத்தது ஓடுச்சு. ஆனா அது எழுத்தைத் தப்பா எண்ணுது. இவரு பேருக்குப் பன்னெண்டு எழுத்துங்குது."

"படத்துல எழுத்த எதுக்கு எண்ணணும்?"

நோட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். பொத்தானில் இருக்கப்போவது படம். தொட்டால் வரப்போவது பதிவு செய்த குரல். இந்த மென்பொருளில் எந்த இடத்திலும் யாரும் எந்த எழுத்தையும் எண்ணப் போவதில்லை. இருபத்தாறு வருஷ அனுபவம். ஒரு மாதம் முழுக்க, தேவையே இல்லாத ஒரு காரணத்துக்காக நல்ல வரனை வாசலோடு நிறுத்தி வைத்திருக்கிறேன்.

"அடுத்த வாரம் நான் வரும்போது இதுல சார் ஒரு வார்த்தையாவது சொல்லணும் ஆன்ட்டி. எதுல வேணா பண்ணுங்க."

கட்டிலிலிருந்து "அதான்!" என்று சத்தமாக வந்தது. அதில் மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லை.

அக்டோபர் 17

முதல் வரனையே மன்னிப்புக் கேட்டுக் கூட்டி வந்தேன். நான்கு நாளில் எல்லாம் முடிந்தது. திரையில் இருபது படங்கள். தொட்டால் சத்தம் வருகிறது. ஒரு வாரத்தில் முடியும் என்று நான் முதலில் எழுதியது சரிதான். அந்த வாரம் எப்போது தொடங்கும் என்பதைத்தான் தப்பாகக் கணக்கிட்டுவிட்டேன்.

குரல் யாருடையது என்பதை யோசிக்காமல் விட்டிருந்தேன். வரதராஜுலுவைப் பேசவைக்கலாம் என்று பார்த்தால், அவருக்கு மூக்கடைப்பு. கடைசியில் என் குரலையே பதிவு செய்தேன். அதனால் இப்போது வீட்டில் இரண்டு சுலோசனாக்கள். ஒருத்தி "தண்ணி வேணும்" என்று அதட்டுகிறாள். இன்னொருத்தி "இதோ வர்றனுங்க" என்று ஓடுகிறாள். நான் இவ்வளவு அதிகாரமாகப் பேசுகிறவள் என்று இத்தனை வருஷம் எனக்கு யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம் சக்கர நாற்காலியைத் திரைமுன் தள்ளி வைத்தேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். இடது கை விரலை நீட்டினார். முதலில் என்ன சொல்வாரோ என்று நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கஞ்சி" என்றது என் குரல். பிறகு, "வேண்டாம்."

இரண்டு மாதமாக மதியமும் இரவும் அக்கறையோடு ஊட்டிய கஞ்சி. இன்னொரு முறை அழுத்தினார். "வேண்டாம்." இன்னொரு முறை. "வேண்டாம்."

சிரித்து முடித்தபோது கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. உடனே குழைய வடித்த சோறும் பருப்பும் பிசைந்து கொடுத்தேன்.

அக்டோபர் 19

பெனிட்டாவுக்கு மகிழ்ச்சி. கைதட்டினாள். பிறகு திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் ஒவ்வொரு படமாகப் பார்த்தாள்.

"என் அட்டையில இருந்ததுல நாலு இதுல இல்லையே ஆன்ட்டி. கோபம் எங்க?"

"இடம் பத்தல."

"கீழ ஒரு வரிசை காலியா இருக்கே. 'ஏன்' இல்ல. 'நேத்து'ன்னு காலண்டர் படம் ஒண்ணு இருந்துச்சு, அதுவும் இல்ல. மாத்திரைகூட இல்ல."

"மாத்திரைய நேரத்துக்கு நானே குடுத்தர்றேன். அவரு எதுக்குக் கேக்கோணும்?"

அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இதுல எல்லாமே வீட்டுல இருக்கறவங்களுக்கு வசதியான வார்த்தையா இருக்கு ஆன்ட்டி."

வெளியே போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, தன் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆனது என்றும், அவர் முதலில் சொன்னது ஒரு கெட்ட வார்த்தை என்றும், அன்றைக்கு அவள் அம்மா பாயசம் வைத்தார் என்றும் சொன்னாள்.

அக்டோபர் 21

நான்கு சொற்களையும் சேர்க்க வேண்டும். இன்று தொண்டை கட்டியிருந்ததால் பதிவு செய்யவில்லை. அடுத்த வீட்டு அம்மாவோடு மதில் அருகே முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்ததில் தொண்டை கொஞ்சம் சரியானது.

அக்டோபர் 23

நான்கையும் சேர்த்தேன். கூடவே பெனிட்டா கேட்ட "தெரியும்", "தெரியாது" இரண்டும். கோபம் என்பதை ஏழு முறை பதிவு செய்தேன். ஒவ்வொரு முறையும் கெஞ்சுவதுபோல் வந்தது. ஏழாவது பரவாயில்லை.

காலை டிபனுக்குப் பிறகு அவரைத் திரைமுன் கொண்டுபோனேன். புதிய வரிசையைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். யோசிக்கவேயில்லை. இத்தனை நாள் அந்தப் படங்களுக்காகத்தான் காத்திருந்தார் என்று தெரிந்தது.

"கோபம்" என்றது என் குரல்.

"யார் மேலங்க?" என்று கேட்டேன். கேட்டாக வேண்டுமே.

விரல் திரைமேல் அலைந்தது. "நான்" என்றது.

"ஆமா, நீங்க கோபமா இருக்கறீங்க. தெரியுது. யார் மேல?"

தலையை ஆட்டினார். மறுபடியும் "நான்." பிறகு "மாத்திரை." பிறகு "இல்லை."

"காலை மாத்திரை குடுத்துட்டனுங்க. இட்லிக்குப் பொறவு."

"அதான்!" என்று இடது கையால் நாற்காலியைத் தட்டினார். "நான். மாத்திரை. இல்லை. நேற்று." நேற்று, நேற்று, நேற்று என்று அழுத்திக்கொண்டே இருந்தார். பிறகு கையை உயர்த்தி ஆணி இருந்த சுவரைக் காட்டினார்.

நான் அந்தச் சுவருக்குப் போனேன். அவர் கை இன்னும் கீழே இறங்கியது. கடிகாரத்தை அல்ல, அதற்குக் கீழே இருந்த அலமாரியைக் காட்டிக்கொண்டிருக்கிறார். கீழ் இழுப்பறை. அது அவருடையது. பம்ப் விலைப்பட்டியல்களும் பழைய டைரிகளும் கிடக்கும் என்பதால் நான் தொடுவதேயில்லை. திறந்து காகிதங்களை வெளியே எடுத்துப் போட்டேன். அடியில் ஒரு மஞ்சள் துணிப்பை. அதற்குள் ரத்த அழுத்த மாத்திரை அட்டைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல் அப்படியே. மருந்துக்கடைச் சீட்டுகளும் இருந்தன. ஜனவரியிலிருந்து மாதம் தவறாமல் வாங்கியிருக்கிறார். தவறாமல் சாப்பிடாமல் இருந்திருக்கிறார்.

பையை எடுத்துக்கொண்டு வந்து அவர்முன் தரையில் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க? ஏன் சாப்பிடல?"

அவர் யோசித்து ஒரு படத்தைத் தொட்டார். "கழிவறை" என்றேன் நான், கணினிக்குள்ளிருந்து.

புரிந்தது. அந்த மாத்திரை போட்டால் அடிக்கடி போக வேண்டியிருக்கும். பஸ்ஸில் தாராபுரம் போகிறவர், தோட்டத்தில் நாலு பேரோடு நின்று பேசுகிறவர். வெட்கம். என்னிடம் சொல்லவும் வெட்கம். தினமும் காலையில் "மாத்திரை போட்டீங்களா" என்று சமையலறையிலிருந்து நான் கேட்பேன். "போட்டாச்சு, போட்டாச்சு" என்பார். ஏழு மாதம். நான் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அவர் சொல்லத் துடித்தது என்னைப் பற்றியே இல்லை என்கிற நிம்மதி. அது ஒரு நிமிஷம்தான் இருந்தது. அதற்குப் பிறகு கோபம் வந்தது, ஏழு முறை பதிவு செய்தும் வராத கோபம்.

"அறிவிருக்குதா உங்களுக்கு? கிணறு இல்லாதவனுக்கெல்லாம் பம்ப் விக்கத் தெரியும், ஒரு மாத்திரைய முழுங்கத் தெரியாதா? ஒண்ணுக்கு வருதுன்னு எங்கிட்டச் சொன்னா என்ன, ஊரக் கூட்டிச் சிரிச்சிருவனா?"

கத்தினேன். அடுத்த வீட்டு அம்மா மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பாதி முகம் அழுதது. மறு பாதி அசையாமல் இருந்தது. பிறகு நான் அவர் முகத்தைத் துண்டால் துடைத்துவிட்டேன், இரண்டு பாதியையும்.

அக்டோபர் 24

அவர் சொல்லிவிட்டார். ஆகவே நானும் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் மாதம் அந்த வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. என் பழைய ஸ்கூட்டரை என்னைக் கேட்காமல் அவர் தங்கை மகனுக்குக் கொடுத்துவிட்டார். நான் ஓட்டி நான்கு வருஷம் ஆகிறது. இருந்தாலும் என் ஸ்கூட்டர். மூன்று நாளாகச் சண்டை. அவர் சண்டையை முடிக்க விரும்பினால் யாரையாவது மிமிக்ரி செய்துகாட்டுவார். என் பெரியப்பா, மில் மேனேஜர், யாராவது. நான் சிரித்துவிடுவேன், சண்டை முடிந்துவிடும்.

ஒன்பதாம் தேதி காலை ஏழு மணிக்குச் சமையலறை வாசலில் வந்து நின்றார். ஏதோ சொன்னார். சொல் குழறியது. வாய் ஒரு பக்கம் கோணியது. கையிலிருந்த டம்ளர் விழுந்து காபி தரையில் ஓடியது. குடிகாரனைப்போல் செய்து காட்டுகிறார் என்று நினைத்தேன்.

"நடிக்காதீங்க" என்றேன்.

தரையைத் துடைத்துவிட்டு யோகா வகுப்புக்குப் போனேன். அங்கே மூச்சை எப்படி நிதானமாக விடுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு உழவர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கினேன், ஒவ்வொன்றாக, சொத்தை இல்லாமல் பார்த்துப் பார்த்து. பத்து மணிக்கு வந்தபோது அவர் கூடத்தில் சரிந்து கிடந்தார். ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்து, நெரிசலில் ஊர்ந்து மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றே முக்கால். எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டபோது பொய் சொல்ல முடியவில்லை, ஏழு என்றேன். அடைப்பைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு என்றார். கால் மணி தாண்டிவிட்டது. கத்தரிக்காயை அள்ளிப் போட்டிருந்தால்கூடக் கால் மணி மிஞ்சியிருக்கும்.

மற்ற எல்லோரிடமும் பத்து மணி என்றே சொன்னேன்.

எழுதி முடித்தபின் அவரிடம் போய் வாயால் சொன்னேன். "அன்னைக்கு நீங்க நடிக்கறீங்கன்னு நெனச்சுட்டனுங்க. விட்டுட்டுப் போயிட்டேன்."

திரைப் பக்கம் திரும்பினார். பிறகு தொட்டார்.

"தெரியும்" என்றது என் குரல்.

இன்னும் ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். மறுபடியும் தொட்டார். "தண்ணி வேணும்."

கொண்டுவந்து கொடுத்தேன்.

அக்டோபர் 29

சசியைக் கூப்பிட்டேன். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். ஆனால் ஒரே மூச்சில் வந்துவிட்டது. ஏழு மணி, காபி, யோகா, சந்தை, இழுப்பறையில் கிடந்த மாத்திரை, எல்லாம்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"தெரியும்மா" என்றான். இந்த வாரம் எல்லோரும் இந்த ஒரு வார்த்தையைத்தான் வைத்திருக்கிறார்கள். "டிஸ்சார்ஜ் பேப்பர்ல ஏழு மணின்னு போட்டிருந்துச்சு. இன்சூரன்சுக்கு நான்தானம்மா அனுப்பிச்சேன்."

"அப்பவே தெரியுமா? பொறவு ஏன் கண்ணு கேக்கல?"

"கேட்டேனே. எத்தனை மணின்னு கேட்டேன். பத்துன்னீங்க."

"எம்மேல கோபமா சாமி?"

"இருந்துச்சு. இப்பவும் கொஞ்சம் இருக்குதும்மா." மூக்கை உறிஞ்சினான். "அப்பா மாத்திரை விஷயத்துல இன்னும் ஜாஸ்தி இருக்குது. ரெண்டு பேத்துக்கும் சேத்துப் பொங்கலுக்கு வந்து வெச்சுக்கறேன்."

"வா சாமி" என்றேன். அவன் அழைப்பைத் துண்டிக்கவில்லை. நானும் துண்டிக்கவில்லை.

நவம்பர் 8

திரையில் இப்போது அறுபது படங்கள். பாதி அவர் கேட்டுச் சேர்த்தவை. மிக்சர் கேட்டார். தங்கை படம் கேட்டார். என் குரலில் அவர் தங்கை பெயரைச் சொல்வது எனக்கே விசித்திரமாக இருக்கிறது.

இன்று நாலு மணிக்கு ஜன்னலைக் காட்டி "அதான்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். திரையில் அதற்கான படம் இல்லை. அறுபது படங்களில் வாசற்படிக்கு அந்தப் பக்கம் இருப்பது ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உடனே இன்னொன்றும் உறைத்தது. பதினொரு வரன், பதினேழு கட்டம், பச்சை மை, சிவப்பு மை எல்லாம் போட்டு அலசிய நான், இந்தக் கணினியை வீட்டைவிட்டு ஓரடி நகர்த்த முடியாது என்பதற்கு ஒரு கட்டம் போடவில்லை.

சட்டை மாட்டிவிட்டு, தலை சீவிவிட்டு, நாற்காலியைத் தெருவில் இறக்கினேன். மூன்று மாதத்தில் முதல் முறை. முனை பேக்கரி வரை தள்ளிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடம் விட்ட நேரம், கூட்டம். பேக்கரிக்காரர் அவரைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்துவிட்டார். "அண்ணா! வாங்க வாங்க, எப்படி இருக்கறீங்க? என்ன வேணுங்க?"

"அவருக்கு" என்று நான் ஆரம்பித்தேன்.

அவர் இடது கை உயர்ந்தது, என்னை நோக்கி, உள்ளங்கை விரிந்தபடி. நான் நிறுத்தினேன்.

கண்ணாடிப் பெட்டியை ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். தேங்காய் பன், பப்ஸ், தேன் மிட்டாய். பேக்கரிக்காரர் கிடுக்கியோடு நின்றார். பின்னால் ஒரு பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். யாரோ "கொஞ்சம் சீக்கிரம்" என்றார்கள். அவர் வாய் அசைந்தது, எதுவும் வரவில்லை. மறுபடியும் அசைந்தது. எனக்குத் தெரியும், அவருக்கு எது பிடிக்கும் என்று. சொல் என் நுனி நாக்கில் நின்றது.

நான் வாயை மூடிக்கொண்டு, நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நிற்கட்டும்.